தாத்தாவின் ரன்வே: சாங்கியில் ஐந்து நாள்

முதல் நாள், சனி

திருச்சியில் விமானம் ஏறும்போதே ஜன்னல் இருக்கை கேட்டு வாங்கிக்கொண்டேன். ஜூலை மாதம். தென்மேற்குக் காற்று வீசும் இந்த மாதங்களில் சிங்கப்பூரின் சாங்கி விமான நிலையத்துக்கு வரும் விமானங்கள் பெரும்பாலும் வடக்குப் பக்கமிருந்துதான் இறங்கும் என்று படித்திருந்தேன். அப்படியே நடந்தது. ஜொகூர் நீரிணை, அதில் ஓய்வாக நின்ற கப்பல்கள், பச்சைத் தீவுகள், ஒரு மெல்லிய கோடாகக் கடற்கரை. கடற்கரையில் கூடாரம் போட்டிருந்தவர்களின் சட்டை நிறம்கூடத் தெரிந்தது. அடுத்த சில நொடிகளில் சக்கரம் தரையைத் தொட்டது.

நான் பார்க்க வந்தது அந்தத் தரையைத்தான்.

என் அம்மாவின் அப்பா 1952-இல் நாகப்பட்டினத்தில் ரஜூலா கப்பல் ஏறி சிங்கப்பூர் வந்தவர். அப்போது சாங்கி பயணிகள் விமான நிலையம் இல்லை. பிரிட்டிஷ் விமானப்படையின் தளம். தாத்தாவுக்கு அங்கே ஓடுபாதை ஓரத்தில் புல் வெட்டும் கூட்டத்தில் வேலை. மழைக்காலத்தில் வாய்க்கால் தூர் எடுக்கும் வேலை. பத்தொன்பது வருடம் அந்த ஒரே நீளத்தை நடந்து நடந்து, அவருக்கு உலகத்தில் எல்லாத் தூரமும் 'ரன்வே' கணக்காகிவிட்டது. பட்டுக்கோட்டைப் பக்கம் எங்கள் ஊர் ஏரிக்கரையைக் காட்டி, "இது அரை ரன்வே இருக்கும்டா" என்பார். பேருந்து நிறுத்தம் கால் ரன்வே. கல்யாண மண்டபம் ரெண்டு ரன்வே, அவ்வளவு தூரமெல்லாம் வெயிலில் நடக்கக் கூடாது. எனக்குப் பத்து வயது வரைக்கும் ரன்வே என்பது மைல், கிலோமீட்டர் போல ஓர் அளவு என்றே நினைத்திருந்தேன்.

சாங்கியில் இன்று இருக்கும் முதல் ஓடுபாதை, அந்தப் பழைய வடக்கு-தெற்கு ஓடுபாதையை நீட்டி உருவாக்கியதுதான். இப்போது 4,000 மீட்டர். இறங்கியதும் கைபேசியில் விமானத் தடம் காட்டும் செயலியைத் திறந்து பார்த்தேன். அதே ஓடுபாதையில்தான் இறங்கியிருந்தோம். ஒரு நிமிடம் எதுவும் பேசத் தோன்றவில்லை.

சின்னம்மா மகள் அக்காவும் அத்தானும் அழைத்துப்போக வந்திருந்தார்கள். விமான நிலையத்தை ஒட்டிய ஜுவல் வணிக வளாகத்தில் 40 மீட்டர் உயரத்திலிருந்து கொட்டும் அருவியைக் காட்டினார்கள். அழகுதான். ஆனால் எனக்குக் கண் முழுக்கத் தரை மேலேயே இருந்தது. தெம்பனிஸில் அக்கா வீடு. சாம்பார், வாழைக்காய் வறுவல். நாளைக்கு அருங்காட்சியகம்.

இரண்டாம் நாள், ஞாயிறு

29-ஆம் எண் பேருந்தில் சாங்கித் தேவாலய அருங்காட்சியகத்துக்குப் போனேன். திங்கட்கிழமை அதற்கு விடுமுறை, அதனால் இன்றே முடித்தாக வேண்டும். நாலு மணி நேரம் இருந்தேன், வெளியே வர மனமில்லை.

தாத்தா ஒரு விஷயத்தைச் சொல்வார்: "அந்த ரன்வேய நாங்க போடலடா, வெள்ளக்காரனே மண் சுமந்து போட்டது." சின்ன வயதில் அது எனக்கு ஏதோ கதை போலப் பட்டது. துரைமார் எங்கே மண் சுமப்பார்கள்? இன்றைக்குத்தான் அந்த வாக்கியத்தின் முழு எடை புரிந்தது.

1930களில் பிரிட்டன் சாங்கியைக் கடலோரக் கோட்டையாகக் கட்டியது. செலராங், ராபர்ட்ஸ், கிச்சனர் என்று படைமுகாம்கள், கடலைப் பார்த்த 15 அங்குலப் பீரங்கிகள். விமானத்தளம் அந்தத் திட்டத்திலேயே கிடையாது. 1942 பிப்ரவரி 15 அன்று சிங்கப்பூர் ஜப்பானியரிடம் விழுந்தது. பிரிட்டிஷ், ஆஸ்திரேலியப் போர்வீரர்கள் ஏறக்குறைய 50,000 பேர் தாங்கள் காவல் காத்த அதே முகாம்களில் கைதிகளானார்கள். இந்திய வீரர்களை அவர்களிடமிருந்து பிரித்து, பிப்ரவரி 17 அன்று ஃபேரர் பார்க் மைதானத்தில் கூட்டினார்கள். இந்திய தேசிய ராணுவத்தின் கதை அங்கே தொடங்குகிறது; அது தனியாக எழுத வேண்டியது.

1943 ஏப்ரலில் சாங்கியிலிருந்து 7,000 கைதிகள் சயாம் (இன்றைய தாய்லாந்து) ரயில் பாதை வேலைக்கு அனுப்பப்பட்டார்கள். மூவாயிரத்துக்கும் அதிகமானோர் திரும்பவே இல்லை. திரும்பியவர்களும் எலும்பும் தோலுமாக வந்தார்கள். அதே ஆண்டில்தான் ஜப்பானியர்கள் சாங்கியில் ஒரு விமானத்தளம் வேண்டும் என்று முடிவெடுத்தார்கள். மேட்டை வெட்டிச் சதுப்பில் கொட்ட வேண்டும். ஒன்றையொன்று வெட்டிக்கொள்ளும் இரண்டு பாதைகள், ஒன்று வடக்கு-தெற்கு, இன்னொன்று கிழக்கு-மேற்கு. ஆட்கள் யார்? முகாமில் இருந்த கைதிகள்தான். மண்வெட்டி, கூடை, தள்ளுவண்டி. மண் அள்ளிய கைகளுக்குக் கிடைத்தது கொஞ்சம் அரிசிச் சோறும் கீரையும். 1943-இல் தொடங்கிய வேலை 1945 வரை இழுத்தது.

ஊரில் ஏரி தூர் வாரும்போது ஒரு கூடை ஈர மண்ணைத் தலையில் ஏற்றிப் பார்த்திருக்கிறேன். கழுத்து உள்ளே இறங்குவது போல இருக்கும். மூன்று வேளையும் சாப்பிட்ட உடம்புக்கே அப்படி. வயிற்றுப்போக்கும் மலேரியாவும் கண்ட உடம்போடு, நாள் முழுக்க, தன்னை வென்றவனின் விமானம் இறங்குவதற்காக அதைச் சுமப்பது எப்படி இருந்திருக்கும்? அந்தக் கண்ணாடிப் பெட்டிகளுக்கு முன்னால் நின்று இதையேதான் யோசித்துக்கொண்டிருந்தேன்.

1944 மே மாதம் கைதிகள் சாங்கிச் சிறைக்கு மாற்றப்பட்டார்கள். 1936-இல் கட்டிய சிறை அது, 600 பேருக்கானது. சுவருக்குள் மட்டும் சுமார் 5,000 பேர் அடைக்கப்பட்டார்கள். மற்றவர்கள் சுற்றிலும் கீற்றுக் கொட்டகையில். அந்தச் சிறையின் ஒரு பகுதிச் சுவரும் நுழைவாயிலும் இன்னும் நிற்கின்றன; 2016-இல் தேசிய நினைவுச் சின்னமாக அறிவித்தார்கள். பேருந்தில் போகும்போது சாலையிலிருந்தே பார்க்கலாம்.

அருங்காட்சியகத்தில் என்னை நகரவிடாமல் பிடித்துக்கொண்டவை இரண்டு. ஒன்று, ஆர்தர் வெஸ்ட்ராப் என்ற கைதி எழுதிய 400 பக்க நாட்குறிப்பு. ஒவ்வொரு நாளையும் தூரத்தில் இருக்கும் மனைவிக்கு எழுதும் கடிதமாகவே எழுதியிருக்கிறார். தபாலில் சேராது என்று தெரிந்தும் எழுதிய 400 பக்கம். இன்னொன்று, சிறிய தேவாலயத்தில் இருக்கும் பித்தளைச் சிலுவை. பீரங்கிக் குண்டின் உறையை வெட்டித் தட்டிச் செய்தது. பக்கத்தில் போய்ப் பார்த்தால், இது ஒருகாலத்தில் என்னவாக இருந்தது என்பதை நம்ப முடியவில்லை. அவ்வளவு வழவழப்பு.

ஸ்டான்லி வாரனையும் சொல்ல வேண்டும். ராபர்ட்ஸ் முகாம் மருத்துவமனையில் சாகக் கிடந்த பீரங்கிப்படை வீரர். 1942-இல் 151-ஆம் கட்டடத்தின் சுவரில் ஏசுவின் வாழ்க்கையை வரையத் தொடங்கினார். கொஞ்ச நேரம் வரைவார், அப்புறம் படுத்துவிடுவார். நீல நிறத்துக்கு பில்லியர்ட்ஸ் ஆட்டத்தின் சாக்கட்டியைக் கரைத்தார்களாம். மொத்தம் ஐந்து சித்திரங்கள். கைதிகள் அங்கிருந்து மாற்றப்பட்ட பின் சுவருக்குச் சுண்ணாம்பு அடித்து மறைத்தார்கள். ஒரு சித்திரத்தின் கீழ்ப்பகுதி, சுவரை உடைத்து வாசல் வைத்ததில் போயே போய்விட்டது. 1958-இல் பிரிட்டிஷ் விமானப்படை வீரர்கள் தற்செயலாகக் கண்டுபிடித்தார்கள். லண்டனில் ஓவிய ஆசிரியராக இருந்த வாரனையும் தேடிப் பிடித்தார்கள். 1963, 1982, 1988 என்று மூன்று முறை வந்து சரிசெய்து கொடுத்தார். அந்தக் கட்டடம் இன்றும் விமானப்படை வளாகத்துக்குள் இருப்பதால் நினைத்த நேரத்தில் போய்ப் பார்க்க முடியாது. நான் படங்களில்தான் பார்த்தேன்.

1958-இல் தாத்தா அங்கேதான் வேலை பார்த்தார். அந்தச் சுவரை எத்தனை முறை கடந்து போயிருப்பார்!

மூன்றாம் நாள், திங்கள்

சாங்கி வில்லேஜ். நிலத்தின் நுனி, அதற்கப்புறம் கடல். தாழ்வான கட்டடங்கள், பெரிய உணவங்காடி நிலையம். நாசி லெமாக் என்னும் மலாய்த் தேங்காய்ப்பால் சோற்றுக்குக் காலையிலேயே வரிசை.

நான் தேடிப் போனது ஸ்ரீ ராமர் கோயில். 1946-இல், இங்கே பிரிட்டிஷ் ராணுவத்தில் வேலை பார்த்த ராம் நாயுடு என்பவரின் முயற்சியில் மரத்தடியில் தொடங்கிய கோயில். அதே 1946-இல்தான் விமானத்தளமும் பிரிட்டிஷ் விமானப்படையின் சாங்கித் தளம் ஆனது. அதற்கு முன்பு ஓடுபாதைகளைப் பலப்படுத்தும் வேலையைச் செய்தவர்கள் சரணடைந்த ஜப்பானிய வீரர்கள். துளையிட்ட இரும்புத் தகடுகளை வரிசையாகக் கோத்துத் தரையில் பரப்பினார்கள். நேற்றுவரை காவல் காத்தவன் இன்றைக்குக் கைதி, அதே மண்ணில் அதே வேலை.

கோயில் வாசலில் செருப்பைக் கழற்றும்போது தாத்தாவின் நினைவுதான். வெள்ளிக்கிழமை சாயங்காலம் குளித்துவிட்டு இங்கே வருவார்களாம். கூலிக்கூட்டத்தில் யாருக்காவது ஊரிலிருந்து கடிதம் வந்திருந்தால் எழுதப் படிக்கத் தெரிந்தவர் இங்கே உட்கார்ந்து படித்துச் சொல்வார். உள்ளே ராமருக்குப் பக்கத்திலேயே புத்தரும் சீனர்களின் கருணைத் தெய்வமான குவான் யின்னும் இருக்கிறார்கள். ஒரு சீனப் பாட்டி ஊதுபத்தி ஏற்றிவிட்டு, அப்படியே திரும்பி ராமருக்கும் ஒரு கும்பிடு போட்டார்.

திண்ணையில் உட்கார்ந்திருந்த பெரியவரிடம் தாத்தாவின் புகைப்படத்தைக் காட்டினேன். காக்கி அரைக்கால் சட்டை, கையில் தொப்பி, பின்னால் ஒரு விமானத்தின் இரட்டை வால். அவர் கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிக்கொண்டு பார்த்தார்.

"ஷேக்கிள்டன் தம்பி இது. நாலு இன்ஜின். காலையில கெளம்புனா வீடே அதிரும். எங்கப்பாவும் பேஸ்லதான் வேலை பார்த்தாரு."

"எங்க தாத்தாவ யாருன்னு தெரியுதாங்க ஐயா?"

"தெரியலியே தம்பி. ஆளு ரொம்பப் பேரு. எழுபத்தொன்னுல எல்லாரையும் நிப்பாட்டிட்டாங்க. பாதிப் பேரு கப்பல் ஏறிப் போய்ட்டாங்க."

அந்தப் பாதிப் பேரில் தாத்தாவும் ஒருவர். 1968 ஜனவரியில் பிரிட்டன் தன் படைகளைத் திரும்ப அழைக்கப்போவதாக அறிவித்தது. சிங்கப்பூரின் வருமானத்தில் ஏறக்குறைய ஐந்தில் ஒரு பங்கு அந்தத் தளங்களை நம்பியிருந்த காலம். 1971 டிசம்பரில் சாங்கித் தளம் சிங்கப்பூர் விமானப்படையிடம் வந்தது. குடியுரிமை இல்லாத தாத்தா ஒரு தகரப் பெட்டி, ஒரு ரேடியோ, கொஞ்சம் பணத்தோடு ஊர் திரும்பினார். அம்மாவுக்கு அப்போது பன்னிரண்டு வயது. அப்பா என்று ஒருவரைச் சரியாகப் பார்த்ததே அப்போதுதான் என்பாள். இந்த ஓடுபாதையின் வரலாற்றில் எனக்கு வலிக்கும் இடம் அது. போர்க்கைதிகளுக்கு அருங்காட்சியகம் இருக்கிறது, இருக்கவே வேண்டும். பத்தொன்பது வருடம் புல் வெட்டியவர்களுக்கு ஒரு பலகைகூட இல்லை.

மத்தியானம் சாங்கிக் கடற்கரைப் பூங்காவுக்கு நடந்தேன். முதல் நாள் மேலிருந்து பார்த்த அதே கூடாரங்கள். பிள்ளைகள் மணலில் குழி தோண்டிக்கொண்டிருந்தார்கள். இரண்டு மூன்று நிமிடத்துக்கு ஒரு விமானம், சக்கரத்தை நீட்டியபடி, தலைக்கு மேலே. ஒரு சின்னப் பையன் ஒவ்வொன்றின் வால் நிறத்தையும் பார்த்துக் கம்பெனிப் பெயரைக் கத்திச் சொன்னான், ஒன்றுகூடத் தப்பவில்லை. அதே கரையில் ஒரு நினைவுப் பலகை. 1942 பிப்ரவரி 20 அன்று 66 சீன ஆண்களை இங்கே தண்ணீர் ஓரத்தில் நிறுத்திச் சுட்டுக் கொன்றார்கள். பலகையைப் படித்து முடித்தபோது இன்னொரு விமானம் கடந்தது. பையன் மறுபடி கத்தினான்.

ராத்திரி அத்தானிடம் விமான நிலையம் கட்டிய கதையைக் கேட்டேன். அவர் இங்கேயே பிறந்து வளர்ந்தவர்.

அப்போது பயணிகள் விமான நிலையம் பாய லேபாரில் இருந்தது, 1955-இல் திறந்தது. எழுபதுகளில் கூட்டம் தாங்கவில்லை. அங்கேயே இன்னொரு ஓடுபாதை போடுவதா, சாங்கிக்குப் போவதா என்று பெரிய விவாதம். பாய லேபாரைச் சுற்றிலும் வீடுகள். சாங்கியிலோ விமானம் கடல் மேலேயே ஏறி இறங்கலாம். அன்றைய பிரதமர் லீ குவான் யூ சாங்கி பக்கம் சாய்ந்தார். 1975-இல் முடிவானது. பாய லேபாரில் ஏற்கெனவே போட்ட 80 கோடி வெள்ளியை (சிங்கப்பூர் டாலர்) விட்டுவிட்டு, சாங்கியில் 150 கோடி வெள்ளி செலவழிக்க வேண்டும். மூத்த அரசு அதிகாரி ஹௌ யூன் சோங் தலைமையில் வேலை நடந்தது. கம்பத்து (கிராமத்து) வீடுகள் காலி செய்யப்பட்டன. நாலாயிரத்துக்கும் அதிகமான கல்லறைகள் தோண்டி மாற்றப்பட்டன. 870 ஹெக்டேர் நிலத்தைக் கடலிலிருந்து எடுத்தார்கள்.

1981 ஜூலை 1, காலை ஏழு மணி வாக்கில், கோலாலம்பூரிலிருந்து 140 பயணிகளோடு முதல் விமானம் இறங்கியது. முந்தின ராத்திரி முழுக்கப் பாய லேபாரிலிருந்து சாமான் செட்டெல்லாம் லாரியில் வந்துகொண்டே இருந்ததாம். "எங்க அப்பா எழுப்பிக் கூட்டிட்டுப் போய்க் காட்டினாரு" என்றார் அத்தான்.

அப்புறம் நடந்ததுதான் எனக்கு ரொம்பப் பிடித்தது. காலியான பாய லேபார் விமானப்படைத் தளமானது. படைத்தளம் பயணிகளுக்கு, பயணிகள் நிலையம் படைக்கு. இப்போது அந்தப் பாய லேபார் தளத்தையும் 2030களில் காலி செய்து வீடுகள் கட்டப்போகிறார்கள். சாங்கியிலும் படை முழுக்கப் போய்விடவில்லை, ஓடுபாதையின் பக்கத்திலேயே விமானப்படையின் சாங்கித் தளம் இருக்கிறது. அத்தான் சொன்னார், "இங்க நிலம் கொஞ்சம்தானே தம்பி, ஒண்ணையே திருப்பித் திருப்பித் துவைச்சுக் கட்டிக்கணும்."

நான்காம் நாள், செவ்வாய்

கிராஞ்சி போர் நினைவிடம். தெம்பனிஸிலிருந்து தீவின் அந்தக் கோடி. சாங்கியில் இறந்த கைதிகளை அங்கேயே புதைத்திருந்தார்கள். 1946-இல் அந்தக் கல்லறைகளை எல்லாம் இங்கே கொண்டுவந்தார்கள். வெட்டிய புல்வெளியில் 4,400-க்கும் அதிகமான கற்கள், வரிசை பிசகாமல்.

மேட்டின் உச்சியில் இருக்கும் மண்டபத்தின் கூரை விமான இறக்கை போல இருக்கிறது. தூண்கள் முழுக்கப் பெயர்கள், உடல் கிடைக்காத 24,000-க்கும் மேற்பட்டவர்கள். சிங், கான், ராம் என்று நம் பக்கத்துப் பெயர்கள் வரிசையாக வரும்போது விரல் தானாகவே எழுத்தின் மேல் போகிறது. காலையில் பெய்த மழையில் பொறித்த எழுத்துகளுக்குள் தண்ணீர் நின்றது.

மலாயா தோட்டங்களிலிருந்து சயாம் ரயில் பாதைக்குக் கொண்டுபோகப்பட்ட பல்லாயிரம் தமிழ்க் கூலிகளின் பெயர் இங்கே இருக்காது. அவர்கள் படைவீரர்கள் இல்லையே. தெரிந்தேதான் போனேன். ஆனாலும் ஒரு தூண் விடாமல் பார்த்தேன்.

தோட்டக்காரர் ஒருவர் கல்லறைகளுக்கு நடுவே புல் வெட்டிக்கொண்டிருந்தார். நான் பார்ப்பதைப் பார்த்துத் தலையசைத்தார். நானும் அசைத்தேன்.

ஐந்தாம் நாள், புதன்

இரவு விமானம். சீக்கிரமே வந்துவிட்டேன். புறப்பாட்டுக் கூடத்தின் பெரிய கண்ணாடிக்குப் பக்கத்தில் உட்கார்ந்து இதை எழுதுகிறேன்.

2024-இல் மட்டும் 6 கோடியே 77 லட்சம் பேர் இந்த நிலையத்தில் வந்து போயிருக்கிறார்கள். கிழக்குப் பக்கம் ஐந்தாவது முனையத்துக்கு 2025 மே மாதம் அடிக்கல் நாட்டியாகிவிட்டது. வருடத்துக்கு 5 கோடிப் பேருக்கான முனையம். படைக்கென்று இருந்த ஓடுபாதை ஒன்றையும் நீட்டி மூன்றாவது ஓடுபாதை ஆக்கியிருக்கிறார்கள். இன்னமும் படையிடமிருந்து கொஞ்சம் கொஞ்சமாகப் பயணிகள் பக்கம் நிலம் வந்துகொண்டுதான் இருக்கிறது.

கண்ணாடிக்கு வெளியே ஓடுபாதை விளக்குகள் எரியத் தொடங்கிவிட்டன. ஓரத்துப் புல்லை ஒரு இயந்திர வண்டி வெட்டிப் போயிருக்கிறது, கோடு கோடாகத் தெரிகிறது.

அம்மாவுக்கு வீடியோவில் காட்டினேன். கொஞ்ச நேரம் பேசாமல் பார்த்துக்கொண்டே இருந்தாள். "இதுலயா எங்கப்பா நடந்தாரு?" என்றாள். இதில்தான் அம்மா, ஆனால் இப்போது நீட்டிவிட்டார்கள், 4 கிலோமீட்டர் என்றேன்.

"அப்படின்னா நம்ம ஏரிக்கரை இப்ப எத்தன ரன்வே வரும்?"

கணக்குப் போட்டேன். கரை 900 மீட்டர் இருக்கும்.

"கால் ரன்வே கூட வராதும்மா."

"அப்பா ஒத்துக்க மாட்டாரு" என்றாள் அம்மா. விமானத்துக்குக் கூப்பிடுகிறார்கள்.